வண்டி ஸ்டார்ட் ஆகலையா? முதலில் நாமே பார்ப்போம்



இந்த மாதப் பாடம் கணக்கு நோட்டு பற்றியது இல்லை, வண்டி பற்றியது. ஆனால் சுற்றிச் சுற்றி அதுவும் கணக்கு நோட்டில்தான் வந்து நிற்கும். நிலக்கோட்டை பக்கம் பூ பறிக்கிற நம் சகோதரிகள் வெயில் ஏறும் முன்னே மார்க்கெட்டில் இருக்க வேண்டும். மொட்டு விரிந்துவிட்டால் மல்லிகைக்கு விலை இறங்கிவிடும். வேடசந்தூர் பக்கம் மில்லுக்குப் போகிறவர்களுக்கு ஷிப்ட் மணி அடித்தால் அடித்ததுதான். பால் சொசைட்டிக்குக் கேன் கொண்டு போகிறவர்கள், ஒட்டன்சத்திரத்துக்குக் காய் ஏற்றிப் போகிறவர்கள், சின்னாளபட்டியில் இருந்து சேலை மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராய் விற்கிறவர்கள், யாருக்குமே வண்டி கிளம்பாத காலை ஒரு நாள் வருமானத்தை விழுங்கிவிடும். அந்த வாரத் தவணைக்கு இடிக்கும். குழுவில் கடன் எடுத்து வாங்கின வண்டி அது என்றால் கேட்கவே வேண்டாம்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அப்போது கேலி பேசாத ஊர் இல்லை. இன்று நாம் சைக்கிளைத் தாண்டி வந்துவிட்டோம். 1980-ல் ஓசூரில் இருந்து வந்த டி.வி.எஸ். 50, நம் நாட்டில் இரண்டு பேர் போகக்கூடிய முதல் மொபெட். அதன் வாரிசான எக்ஸ்.எல். இல்லாத தெரு நம் கிராமங்களில் இருக்கிறதா? பிறகு 24.2.2018 அன்று தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான அம்மா இருசக்கர வாகனத் திட்டம் தொடங்கியது. வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மானியமாகக் கிடைத்தது. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் வேலை செய்தவர்களும் விண்ணப்பிக்க முடிந்தது. அந்தச் சமயத்தில் வாங்கிய வண்டிகள் எல்லாம் இப்போது ஐந்து வயதைத் தாண்டிவிட்டன. பேட்டரி சாகிற வயது, பிளக் தேய்கிற வயது, ஒயர் காய்ந்து வெடிக்கிற வயது அதுதான்.

சைக்கிள் செயின் கழன்றால் நாமே மாட்டிக்கொண்டு போகிறோம். ஆனால் மோட்டார் வண்டி நின்றுவிட்டால் மட்டும் ரோட்டோரம் நின்று, போகிற தம்பிகளைக் கை காட்டிக் கூப்பிடுகிறோம். அவர்களில் பாதிப் பேர் செய்வதும் வேறொன்றும் இல்லை, ரெண்டு உதை உதைத்துப் பார்ப்பதுதான். அதை நாமே செய்யலாம், அதைவிட ஒழுங்காகவும் செய்யலாம்.

அடுப்பு எரிவது போலத்தான்

விறகு அடுப்பு எரிய என்னென்ன வேண்டும்? விறகு, காற்று, தீக்குச்சி. இஞ்சினுக்கும் இதே மூன்றுதான். விறகுக்குப் பதில் பெட்ரோல். ஊதுகுழலுக்குப் பதில் ஏர் பில்டர் வழியாக வரும் காற்று. தீக்குச்சிக்குப் பதில் பிளக்கில் வரும் பொறி. மெக்கானிக்குகள் இந்தப் பொறியைத்தான் 'கரெண்ட்' என்பார்கள்.

நாலாவதாக ஒன்று உண்டு. இந்தக் கலவையை இஞ்சின் உள்ளே வைத்து நன்றாக அழுத்த வேண்டும். குக்கரில் கேஸ்கட் போனால் ஆவி நிற்காது இல்லையா? அது போல இஞ்சினில் அழுத்தம் நிற்கவில்லை என்றால் கிக்கர் எந்தத் தடையும் இல்லாமல் லொடலொட என்று இறங்கும். அது நம் வேலை இல்லை, பட்டறை வேலை. மற்ற மூன்றையும் நாம் பார்க்கலாம்.

பார்க்கும் வரிசை முக்கியம். காசு செலவில்லாததை முதலில் பார்ப்போம், ஸ்பேனர் எடுக்க வேண்டியதைக் கடைசியில் பார்ப்போம். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். எடுத்த எடுப்பில் உதைச்சு உதைச்சு மூச்சு வாங்கி, பெட்ரோலை இஞ்சினுக்குள் ரொப்பிவிட்டு, பிறகுதான் சாவியைப் பார்க்கிறோம்.

உதைக்கும் முன்

முதலில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சேலைக் கொசுவத்தையோ துப்பட்டாவையோ இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். மொபெட்டில் ஸ்டார்ட் ஆனதும் பின் சக்கரம் சுற்றலாம், துணி மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். ஸ்டாண்டை எடுக்கும்போது ஆக்சிலேட்டர் முறுக்கி இருக்கக் கூடாது.

சாவி 'ஆன்' ஆகியிருக்கிறதா? ஹாரன் அடித்துப் பாருங்கள், இண்டிகேட்டர் போட்டுப் பாருங்கள். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை, சாவி தேய்ந்தால் பூட்டு சண்டித்தனம் பண்ணும். வண்டிச் சாவியும் அப்படித்தான். லேசாக ஆட்டினால் விளக்கு வந்து வந்து போகிறது என்றால் குறை அங்கேதான்.

அடுத்தது வலது கைப்பிடி பக்கம் இருக்கும் சிவப்பு சுவிட்சு. பல பைக்குகளில் இது உண்டு. இதை அணைத்துவிட்டால் இஞ்சினுக்குக் கரெண்ட் போகாது. வீட்டில் வண்டி மேல் ஏறி விளையாடும் பிள்ளைகளுக்கு இதைத் தட்டுவது என்றால் ரொம்பப் பிரியம். புது வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தாலே ஸ்டார்ட் ஆகாது. ஸ்கூட்டரில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டால்தான் செல்ஃப் எடுக்கும். கியர் வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளட்ச் பிடிக்க வேண்டும். இவ்வளவையும் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

பெட்ரோல் வருகிறதா?

மீட்டர் முள்ளை நம்பாதீர்கள். முள் சிக்கிக்கொள்ளும். வண்டியை லேசாகக் குலுக்கி சத்தம் கேளுங்கள், மூடியைத் திறந்து பாருங்கள். இருட்டில் பார்க்க வேண்டும் என்றால் டார்ச் மட்டும்தான். தீப்பெட்டி, சிம்னி, பீடி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, இதை வீட்டு ஆண்களுக்கும் சொல்லுங்கள்.

பழைய மாடலில் டேங்குக்கு அடியில் பெட்ரோல் டேப் இருக்கும். 'ஆன்', 'ஆஃப்', 'ரிசர்வ்' என்று மூன்று நிலை. ஆஃபில் கிடந்தால் மீதம் இருக்கும் பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நிற்கும். ஆனில் பெட்ரோல் தீர்ந்தால் ரிசர்வுக்குத் திருப்பி பங்குக்குப் போகலாம். போட்டு முடித்ததும் மறக்காமல் ஆனுக்குத் திருப்ப வேண்டும். மறந்தால் அடுத்த முறை ரிசர்வும் சேர்ந்தே தீர்ந்துவிடும், ரோட்டில் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

டேங்க் மூடி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்ரோல் கீழே இறங்க வேண்டுமானால் மேலே காற்று உள்ளே போக வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் விக்கி விக்கி வரும், இன்னொரு ஓட்டை போட்டால் சீராக ஊற்றும். அதற்காகத்தான் மூடியில் சின்னத் துளை வைத்திருக்கிறார்கள். புழுதி அடைத்தால் வண்டி நன்றாகக் கிளம்பும், சில கிலோமீட்டர் போனதும் நின்றுவிடும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிளம்பும். மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் இந்தக் கோளாறுதான். ஒரு சகோதரி இதே குறைக்குக் கார்புரேட்டரை முழுசாகக் கழற்றிச் சுத்தம் செய்து கூலியும் கொடுத்தார், மறுநாளே அதே இடத்தில் வண்டி நின்றது. கடைசியில் ஒரு ஊசி செய்த வேலைதான் தீர்வு.

சோக்கும் ஓவர் பெட்ரோலும்

குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அதற்குத்தான் சோக். சிறுமலை அடிவாரத்தில் மார்கழி விடியலில் சோக் இல்லாமல் பழைய வண்டி கிளம்பாது. ஆனால் ஸ்டார்ட் ஆகி சூடானதும் சோக்கை எடுத்துவிட வேண்டும். மத்தியானம் சூடாக இருக்கும் வண்டிக்கு சோக் போடவே கூடாது.

சோக்கும் போட்டு, ஆக்சிலேட்டரையும் முறுக்கி, இருபது தடவை உதைத்தால் பெட்ரோல் வாசம் குப்பென்று அடிக்கும். ஈர விறகு எரியாது அல்லவா, பிளக் நனைந்துவிட்டது. என்ன செய்வது? சோக்கை எடுங்கள். ஐந்து, பத்து நிமிடம் வண்டியைச் சும்மா விடுங்கள். பிறகு ஆக்சிலேட்டரை முழுசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நாலைந்து உதை உதையுங்கள். காற்று மட்டும் அதிகமாகப் போய் உள்ளே இருப்பதைக் காய வைக்கும். பிடித்துக்கொண்டதும் ஆக்சிலேட்டரை உடனே குறைத்துவிடுங்கள்.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்த பிறகு விற்ற வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை, சோக்கும் இல்லை. பெட்ரோலை ஒரு சின்ன பம்பு தள்ளிக் கொடுக்கிறது. இந்த வண்டிகளில் சாவி போட்டதும் உடனே பட்டனை அழுத்தாமல் இரண்டு மூன்று விநாடி பொறுங்கள். 'ங்ங்' என்று மெல்லிய சத்தம் வந்து நிற்கும். அதுதான் பம்பு. அந்தச் சத்தமே இல்லை என்றால் பியூஸ், பேட்டரி அல்லது பம்பில் குறை. இன்னொன்று, இந்த வண்டிகளைப் பெட்ரோல் சுத்தமாகத் தீரும் வரை ஓட்டாதீர்கள். பம்பைக் குளிர வைப்பதே டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான். ஐம்பது ரூபாய்க்கு மட்டும் போட்டுப் போட்டு ஓட்டுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கையில் இருப்பதுதானே போட முடியும் என்பது நியாயம்தான், ஆனாலும் அடியில் அரை லிட்டராவது எப்போதும் கிடக்கட்டும்.

கரெண்ட் இருக்கிறதா?

செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டிக் டிக்' என்று மட்டும் வருகிறது, ஹாரன் ஈன சுரத்தில் முனகுகிறது என்றால் பேட்டரி இறங்கிவிட்டது. ஒரு தடவை ஐந்து விநாடிக்கு மேல் பட்டனை அழுத்தக் கூடாது. விட்டு, பத்துப் பதினைந்து விநாடி கழித்து மறுபடி அழுத்துங்கள். ஐந்தாறு தடவைக்கு மேல் எடுக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அழுத்துவது இருக்கும் கொஞ்ச உயிரையும் எடுப்பதுதான்.

கிக்கர் இருந்தால் உதையுங்கள். கியர் பைக் என்றால் இரண்டாம் கியரில் கிளட்சைப் பிடித்துத் தள்ளி, வேகம் வந்ததும் கிளட்சை விட்டு ஸ்டார்ட் செய்யலாம். ஸ்கூட்டரை அப்படித் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, எவ்வளவு பேர் தள்ளினாலும் முடியாது. பம்பு வைத்த புது வண்டிகளில் பேட்டரி சுத்தமாகச் செத்துவிட்டால் பலவற்றில் உதைத்தும் பயன் இருக்காது.

பேட்டரியைப் புதுசு வாங்கும் முன் அதன் முனைகளைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தாலோ, திருகு தளர்ந்திருந்தாலோ குறை அங்கேயே இருக்கலாம். சாவியை எடுத்துவிட்டு, கையில் உறை போட்டு, ஆப்ப சோடா கலந்த தண்ணீர் நனைத்த துணியால் துடைத்துக் காய வைத்து, திருகை இறுக்கிவிடுங்கள். பேட்டரியில் இருப்பது ஆசிட், கையைக் கண்ணில் வைக்காதீர்கள். ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும் ஒரு செலவு சில சமயம் இதிலேயே தப்பிவிடும்.

விளக்கு, ஹாரன், செல்ஃப் எதுவுமே இல்லை, வண்டி பிணம் மாதிரிக் கிடக்கிறது என்றால் பியூஸைப் பாருங்கள். பேட்டரி பக்கத்திலேயே சின்னப் பெட்டியில் இருக்கும். உள்ளே இருக்கும் கம்பி அறுந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். அதில் எழுதியிருக்கும் அதே ஆம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். சிகரெட் அட்டைப் பேப்பரைச் சுருட்டிச் சொருகுவார்கள் சிலர். அப்படிச் செய்தால் அறுவதற்குப் பியூஸ் இருக்காது, ஒயர்தான் எரியும், பெட்ரோல் டேங்கும் பக்கத்திலேயே இருக்கிறது.

பிளக்கைக் கழற்றினால்

இதற்கு ஒரு பிளக் ஸ்பேனர் வேண்டும். இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் கையும் சுடும், அலுமினிய மரையும் போய்விடும். ரப்பர் கேப்பை நேராக இழுத்து எடுத்து, பிளக்கைச் சுற்றி இருக்கும் மண்ணை ஊதிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை மண்ணும் இஞ்சினுக்குள் விழும். முன்னதாக அந்தக் கேப் நன்றாக அழுந்தி இருக்கிறதா என்று பாருங்கள். மழையில் நனைந்த மறுநாளும், வண்டியைத் தண்ணீர் அடித்துக் கழுவிய மறுநாளும் கேப்புக்குள் ஈரம் இருப்பதுதான் முதல் சந்தேகம். துடைத்துக் காய வைத்து மாட்டினால் போதும்.

பிளக்கின் நுனி நமக்குச் சேதி சொல்லும். வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் காய்ந்து இருந்தால் நல்லது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை என்று பொருள், கரெண்ட் பக்கம் தேட வேண்டும். எவ்வளவு உதைத்தும் நுனி வறண்டே இருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை, டேப், மூடித் துளை, குழாய் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். சட்டிக் கரி போல் அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. எண்ணெய்ப் பசையோடு கருப்பாக இருந்து, நாலு ஸ்ட்ரோக் வண்டியும் புகை கக்கினால் இஞ்சின் ஆயில் எரிகிறது, பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

கரியை ஒயர் பிரஷ்ஷாலோ உப்புத் தாளாலோ தேய்த்து எடுத்து, துடைத்து, முதலில் கை விரலாலேயே திருகிப் போட்டு, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் இறுக்குங்கள். நுனி தேய்ந்துபோன பிளக்கைச் சுத்தம் செய்து காலம் தள்ள வேண்டாம். புதுசு 100, 150 ரூபாய்க்குள் கிடைக்கும், வண்டிக்கு உரிய நம்பர் பார்த்து வாங்குங்கள். ஒன்று சீட்டுக்கு அடியில் கிடக்கட்டும்.

பிளக்கை வெளியே வைத்து இஞ்சினில் தொட்டுக்கொண்டு உதைத்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பார்கள் மெக்கானிக்குகள். நாங்கள் அதை இங்கே சிபாரிசு செய்யவில்லை. பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பொறி பறந்தால் தீப்பிடிக்கும், ஷாக்கும் பலமாக அடிக்கும். நனைந்த பிளக்கா வறண்ட பிளக்கா என்று பார்த்தாலே நமக்குப் போதிய விவரம் கிடைத்துவிடும்.

காற்றும் மற்றதும்

நம் பக்கம் புழுதிக்குப் பஞ்சமில்லை. கல் குவாரி ரோடு, மண் ரோடு, மில்லைச் சுற்றிப் பறக்கும் பஞ்சுத் தூசி எல்லாம் ஏர் பில்டரில் போய் உட்காரும். பஞ்சு போன்ற நுரை பில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் நன்றாகக் காய வைத்து, லேசாக ஆயில் தடவிப் போடலாம். காகித பில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். பில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டினால் வண்டி நன்றாக இழுக்கிறது என்பார்கள். சில மாதத்தில் இஞ்சினே தேய்ந்துவிடும்.

மாட்டுக் கொட்டகையில், வைக்கோலுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் எலியை மறக்க வேண்டாம். நேற்று இரவு வரை ஓடிய வண்டி காலையில் செத்துக் கிடந்தால் சீட்டைத் தூக்கி ஒயர் கடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல நாள் நின்ற வண்டியின் சைலன்சர் வாயில் குளவி கூடு கட்டியிருப்பதும் உண்டு. மாசக்கணக்கில் நின்ற வண்டியில் பழைய பெட்ரோலும் கெட்டுப்போயிருக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதம் வரை எத்தனால் கலந்து வருகிறது, எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் குணம் உடையது. மழைத் தண்ணீர் மூடி வழியே இறங்கினால் அடியில் தேங்கி வண்டியைக் கிளம்ப விடாது. பழையதை இறக்கிவிட்டுப் புதுசு போடுவதுதான் வழி.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். வைத்திருப்பவர்கள் பெட்ரோலோடு 2டி ஆயில் கலக்காமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். அளவு வண்டிப் புத்தகத்தில் இருக்கிறது. ஆயில் இல்லாமல் ஓடினால் இஞ்சின் உள்ளே பிடித்துக்கொள்ளும், கிக்கர் கீழேயே இறங்காது. அப்படி இறுகி நின்றால் ஏறி மிதிக்காதீர்கள்.

எந்த வண்டியையும் மூடிய அறைக்குள் ஸ்டார்ட் செய்து ஓட விடாதீர்கள். புகையில் இருக்கும் விஷவாயுவுக்கு வாசமே கிடையாது.

எப்போது நிறுத்த வேண்டும், என்ன சொல்ல வேண்டும்

பெட்ரோல் ஒழுகினால், ஒயர் கருகிய வாசம் வந்தால், இஞ்சினுக்குள் இரும்பு மோதும் சத்தம் கேட்டால், ஓடும்போது இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால், அதோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இருட்டில், ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் நின்றுவிட்டால் பிளக்கைக் கழற்றிக்கொண்டு உட்கார வேண்டாம். முதலில் வீட்டுக்கு போன் செய்து எந்த இடம் என்று சொல்லுங்கள், கடையோ வீடோ இருக்கும் இடம் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். தேவைப்பட்டால் 181 பெண்கள் உதவி எண், 112 அவசர எண் இரண்டும் இருக்கின்றன.

பட்டறையில் வெறுமனே "தம்பி, ஸ்டார்ட் ஆகலைப்பா" என்று சொன்னால் அவரும் எல்லாவற்றையும் கழற்றித்தான் பார்க்க வேண்டும், அதற்குக் கூலியும் கேட்பார். அதில் அவர் மேல் மட்டும் குறை சொல்ல முடியாது. "பெட்ரோல் இருக்கு, ஹாரன் நல்லா அடிக்குது, பிளக்கைக் கழட்டிப் பார்த்தேன், நனைஞ்சிருக்கு, நேத்து மழையில வந்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். வேலையும் சீக்கிரம் முடியும், தேவையில்லாத சாமானும் மாறாது. மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டு ஒன்றில் என்ன மாற்றினார், எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். குழுக் கடனில் வாங்கிய வண்டி என்றால் அந்தச் சீட்டுகளைக் கடன் பாஸ்புக்கோடு சேர்த்து வையுங்கள். வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அந்த வண்டி நமக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறதா, நாம் அதற்குச் சம்பாதித்துக் கொடுக்கிறோமா என்று தெரியும்.

அடுத்த கூட்டத்துக்கு

மாதக் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். உறுப்பினர்களின் வண்டியில் ஒரு மொபெட், ஒரு ஸ்கூட்டர் வெளியே நிழலில் நிற்கட்டும், இஞ்சின் ஆறியிருக்கட்டும். பெட்ரோல் டேப், சோக், பியூஸ் பெட்டி, பேட்டரி, பிளக், ஏர் பில்டர் ஆறும் எங்கே இருக்கின்றன என்று ஒவ்வொருவரும் தொட்டுக் காட்ட வேண்டும். புது மாடலில் டேப்பும் சோக்கும் இருக்காது, ஸ்கூட்டரில் பிளக் ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கும், அதையும் தேடிக் கண்டுபிடியுங்கள். வண்டி ஓட்டாதவர்களும் செய்யட்டும். பிளக்கை இரண்டு பேராவது கழற்றி மாட்டிப் பழகுங்கள். பிளக் ஸ்பேனர் ஒன்றைக் குழுப் பொதுச் செலவில் வாங்கி, எந்த வீட்டில் இருக்கிறது என்று தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.